மேல்மாடிக்கு முதலில் போவது எது தெரியுமா?

கோபாலபுரத்து அடுக்குமாடி ஒன்றில் காலை ஏழு மணி. காய்ந்த நல்லெண்ணெயில் மிளகளவு பெருங்காயக் கட்டி விழுகிறது. அது பொரிந்து உப்புவதற்குள் மேல்மாடி மாமி, "என்ன, இன்னிக்கு வத்தக்குழம்பா?" என்று கேட்டுவிடுகிறார்! காரணம் கந்தகச் சேர்மங்கள். அவற்றில் சில, காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். நம் சாம்பாரின் உயிரான அந்தப் பெருங்காயச் செடியை இந்தியாவில் பயிரிடும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது என்றால் நம்புவீர்களா?

கஞ்சாவின் வாடையும் இதே கந்தகக் குடும்பம்தான்! 2021 வரை எல்லாரும் டெர்பீன்கள் என்னும் வாசனைச் சேர்மங்கள் மேல் பழி போட்டார்கள். ஆனால் அவற்றில் மிர்சீன் மாம்பழத்திலும், லிமோனீன் எலுமிச்சைத் தோலிலும், கேரியோஃபிலீன் மிளகிலும் இருக்கின்றன. அப்படியானால் மிளகு ரசம் வைக்கிற வீட்டுக்கெல்லாம் போலீஸ் வர வேண்டுமே! 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உண்மையான குற்றவாளியைப் பிடித்தார்கள்: மிகச் சொற்ப அளவில் இருக்கும் ஒரு கந்தகச் சேர்மம். வெயில் பட்ட பீரில் கிளம்பும் கெட்ட வாடைக்கும் அதுவேதான் காரணம். பீர் பாட்டில் ஏன் பழுப்பு நிறம் என்பது இப்போது புரிகிறதா?

கனடாவில் கஞ்சா 2018இல் சட்டபூர்வமானது, கஞ்சா கலந்த தின்பண்ட விற்பனை 2019இல் வந்தது. அங்கே வீட்டிலேயே கஞ்சாவை வெண்ணெயில் காய்ச்சுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி, பக்கத்து வீட்டு மூக்கு! நம்மூரில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலே பத்தாண்டு வரை சிறை. ஆகவே நாம் பெருங்காயத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

சரி, அடுப்படி வாடையை அடக்க வழி? ஊதுபத்தி கொளுத்தினால் இரண்டு வாசனை ஆகும், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், சமைப்பவருக்குச் சில நிமிடங்களில் மூக்கு பழகிப்போய் எதுவுமே தெரியாது. "வாசனையே இல்லையே" என்று அவர் சத்தியம் செய்வார், படிக்கட்டில் ஏறி வருகிறவர் தும்முவார்! ஜன்னல் திறந்து காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியே இன்றும் மலிவான வைத்தியம்.

அதைவிட அதிசயம் நம் கொட்டாங்கச்சி! அதைக் கரியாக்கி, நீராவியில் பதப்படுத்தினால் கிடைக்கும் 'ஆக்டிவேட்டட் கார்பன்' ஒரு கிராம் எடுத்து, அதன் நுண்துளைப் பரப்பையெல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல்! கோபாலபுரத்தில் நாலு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள், பிறகு அந்தக் கரியின் மேல் தனி மரியாதை வரும். வாடை மூலக்கூறுகள் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. குழாய் இல்லாத சமையலறைச் சிம்னிகளுக்குள் இருப்பது இதுதான். ஒன்று மட்டும் கவனம்: எண்ணெய் பிடிக்கும் உலோக வலையைக் கழுவலாம், கரி வடிகட்டியைக் கழுவிப் பயனில்லை. துளை நிரம்பிவிட்டால் புதிதுதான் போட வேண்டும். சிம்னிக்குள் அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது!