தீக்கோழிகளுக்குக் காவல் இருந்தவர்கள்

2025 நவம்பர் 6. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே எட்ஜ்வுட் என்றொரு சின்ன ஊர். அங்குள்ள ஒரு தீக்கோழிப் பண்ணையின் வழக்கை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது என்ற செய்தி காலையில் வந்தது. இருட்டிய பிறகு, வைக்கோல் கட்டுகளை அடுக்கி எழுப்பிய சுவருக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மறுநாள் அந்தப் பண்ணையில் 300-க்கும் மேற்பட்ட தீக்கோழிகளில் ஒன்றும் மிச்சமில்லை. மாதக்கணக்கில் கூடாரம் போட்டுக் காவல் இருந்த ஆதரவாளர்களுக்குக் கடைசியில் சாலையோரம்தான் கிடைத்தது.

ஓர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக நடந்த இந்த இழுபறி, அரசு ஒரு விவசாயியின் கால்நடையை அழிக்க உத்தரவிடும்போது அக்கம்பக்கத்தார் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை எழுப்பியது. அதற்கு முன், அரசு ஏன் அவ்வளவு அவசரப்படுகிறது என்று பார்த்துவிடலாம்.

2024 டிசம்பரில் அந்தப் பண்ணையில் பறவைகள் சாகத் தொடங்கின. குட்டைக்கு வந்த காட்டு வாத்துகளிடமிருந்து நோய் தொற்றியதாகப் பண்ணையார்கள் சொன்னார்கள். கனடிய உணவு ஆய்வு முகமை மாதிரி எடுத்துச் சோதித்தது. டிசம்பர் 31 அன்று எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. முடிவு வந்த 41-வது நிமிடம் மொத்த மந்தையையும் அழிக்கும் ஆணை பிறந்தது. ஆணைக்கு முன்னும் பின்னுமாக நோயில் செத்தவை 69.

அந்த 41 நிமிடம்தான் ஊரைக் கொதிக்க வைத்தது. யோசிக்கவே இல்லையே என்றார்கள். அரசின் பதில்: யோசனை முன்பே முடிந்துவிட்டது. தொற்றிய மந்தையை முழுதாக அழிப்பது உலக விலங்கு நல அமைப்பின் விதிகள் ஏற்கும் வழிமுறை. அப்படி அழித்து, கிருமிநீக்கம் முடித்து 28 நாள் நோய் தலைகாட்டாவிட்டால், நோயற்ற நாடு என்று மீண்டும் சொல்லிக்கொள்ளலாம். ஏற்றுமதிக் கதவு திறக்கும். கனடாவின் விலங்கு நலச் சட்டம் அழிக்க அதிகாரம் தருகிறது, கூடவே இழப்பீட்டுக்கும் வழி செய்கிறது. ஒரு தீக்கோழிக்கு அதிகபட்சம் 3,000 கனடிய டாலர். அரசு அழிக்கச் சொன்ன உயிருக்குத்தான் இந்தப் பணம். நோயை மறைக்காமல் சீக்கிரம் வந்து சொல்லட்டும் என்பது கணக்கு. இந்தப் பண்ணை மீதோ, சாவுகளை உடனே தெரிவிக்கவில்லை, தனிமைப்படுத்தலைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று முகமை 20,000 டாலர் அபராதம் விதித்தது.

பண்ணையாரின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. தீக்கோழி ஆறேழு வாரத்தில் கறிக்குப் போகும் பிராய்லர் இல்லை. பல பத்தாண்டுகள் வாழும். 2025 ஜனவரிக்குப் பிறகு சாவு நின்றுவிட்டது. பிழைத்தவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், சோதித்துப் பாருங்கள் என்றார்கள். முகமை மறுத்தது. நலமாகத் தெரியும் பறவைக்குள்ளும் கிருமி இருக்கலாம், திறந்த வெளியில் காட்டுப் பறவைகளோடு கலக்கலாம் என்றது. மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றமும் ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முகமை பக்கம் நின்றன. கொள்கை நல்லதா கெட்டதா என்று அவை பார்க்கவில்லை. எடுத்த முடிவு நியாயமான வரம்புக்குள் இருந்ததா என்று மட்டுமே பார்த்தன. சட்டப்படி அது சரியென்றே எனக்கும் படுகிறது. ஆனாலும் பத்து மாதம் உயிரோடு நின்ற பறவைகளை ஒருமுறையாவது சோதித்திருந்தால், ஊர் வாயை அடைக்க முகமையிடம் ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

ஆதரவு எப்படி வந்தது? முதலில் சோறு சமைத்துக் கொண்டுவந்தவர்கள், வழக்குச் செலவுக்குக் காசு போட்டவர்கள். பிறகு அமெரிக்க சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி பரிந்துரைக் கடிதம் எழுதினார். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்குத் தலைவரான மெஹ்மத் ஆஸ் தன் ஃபுளோரிடா பண்ணையில் இடம் தருகிறேன் என்றார். 2022-இல் ஒட்டாவாவை முடக்கிய லாரிப் போராட்டத்தில் இருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். அதன்பின் அது தீக்கோழிப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. முகமையோடு வேலை செய்த உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு மிரட்டல் போனது. கல்யாணத்துக்கு வந்தவன் பந்தலைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட கதைதான்.

இதற்கு முன்னோடியாக 2007-இல் வேல்ஸில் ஒரு வழக்கு உண்டு. நமக்குச் சற்று நெருக்கமானது. கார்மார்தன்ஷைரில் ஸ்கந்த வேல் என்ற மடம். இலங்கையில் பிறந்த குரு ஒருவர் நிறுவியது; முருகனுக்குக் கோயில் உண்டு. பெயரில் வரும் 'வேல்' ஆங்கிலத்தில் பள்ளத்தாக்குதான் என்றாலும், நம் காதில் வேறு மாதிரி விழுவதைத் தடுக்க முடியாது. மடத்துக் காளை ஷம்போவுக்குக் காசநோய்ச் சோதனையில் தொற்று இருப்பதாக வந்தது. கொல்ல உத்தரவு. மடம் வழக்குப் போட்டது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், காளையைக் கேமரா வைத்து உலகமே பார்த்தது. ஜூலை 16 அன்று கார்டிஃப் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. ஜூலை 26 அன்று, வழிபாட்டில் அமர்ந்திருந்தவர்களைப் போலீஸ் ஒவ்வொருவராக வெளியே கொண்டுபோன பிறகு, காளையை ஏற்றிச் சென்று ஊசி போட்டுக் கொன்றார்கள். பிரேதப் பரிசோதனையில் காசநோய்க்குரிய புண்கள் இருந்தன.

பெயர் உள்ள மாட்டுக்குக் கூட்டம் சேரும். 2001-இல் பிரிட்டனைக் கோமாரி நோய் உலுக்கியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. டெவனில் பிணக்குவியல் நடுவே பிழைத்துக் கிடந்த ஃபீனிக்ஸ் என்ற வெள்ளைக் கன்றுக்கு மட்டும் பத்திரிகைகள் முழங்கின, அரசு இறங்கி வந்தது. கனடாவிலும் 2021 இறுதியிலிருந்து பறவைக் காய்ச்சலுக்காக 1 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. அதே மாகாணத்தின் ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் கோழிப் பண்ணைக்காரர்கள் அடுத்தடுத்துக் கொட்டகையைக் காலி செய்தார்கள். அங்கே கூடாரம் போட யாரும் வரவில்லை. வரவும் கூடாது என்பதுதான் சங்கடம். நோய்ப் பண்ணைக்குள் காலடி வைப்பவன் செருப்பிலேயே கிருமியை அடுத்த கொட்டகைக்குக் கொண்டுபோவான்.

சாவு விழுந்த வீட்டுக்குப் போய் உட்காருவதுதான் எந்த ஊரிலும் முதல் உதவி. இங்கே வாசலிலேயே தடை. அதனால்தான் 2001-இல் பிரிட்டனில், நடைபாதைகளை மூடி, கேட்டருகே கிருமிநாசினியில் நனைத்த வைக்கோல் பரப்பியிருந்த நாள்களில், விவசாயிகளுக்கான தொண்டு அமைப்புகள் தொலைபேசியை நம்பின. மறுமுனையில் இருந்தவர்களில் பலர் விவசாயம் தெரிந்தவர்கள். இழப்பீட்டுக் காகிதத்தை எப்படி நிரப்புவது, வங்கிக்காரனிடம் என்ன சொல்வது என்பதிலிருந்து, ராத்திரி தூக்கம் வராதபோது பேச்சுத்துணை வரை அதில் அடங்கும். படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லை.