புத்தகக் கடை இல்லாத ஊர்கள்

உங்கள் சொந்த ஊரில் ஒரு புத்தகக் கடை உண்டா?

சற்று நிதானமாய் யோசித்துப் பாருங்கள். மளிகைக் கடை உண்டு, உரக்கடை உண்டு, கைப்பேசிக் கடையும் வந்துவிட்டது. புத்தகக் கடை என்று தேடினால், பக்கத்து டவுன் பேருந்து நிலையத்தில் வார இதழ்கள் தொங்கும் பெட்டிக்கடையோ, பள்ளிக்கூடத்திற்கு எதிரேயுள்ள ஸ்டேஷனரி கடையோதான் நினைவுக்கு வரும். அங்கே கிடைப்பவை எவை? பரீட்சைக்கான உரைநூல்கள், பஞ்சாங்கம், கோலப் புத்தகம், சமையல் குறிப்புகள், முப்பது நாளில் ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் புத்தகம், சில மாத நாவல்கள்.

இவை வேண்டாதவை என்று சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்பிள்ளை நல்லதொரு வாழ்க்கை வரலாற்றை விரும்பினால் என்ன செய்வாள்? சர்க்கரை நோயைப் பற்றி எளிய தமிழில் அறிய விரும்பும் முதியவர் எங்கே போவார்? கடையில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் வெறுங்கையாய்த் திரும்ப வேண்டும். இப்படிப் பலமுறை திரும்பியவர் பிறகு கேட்பதையே விட்டுவிடுகிறார். வாசிப்பு இப்படித்தான் ஓசையின்றி ஒரு வீட்டைவிட்டுப் போய்விடுகிறது.

கடை ஏன் நிலைப்பதில்லை?

கடைக்காரர் மீது குற்றமில்லை. அரிசியும் சோப்பும் மாதந்தோறும் விற்கும். ஒரு நூலை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். ஆயிரம் தலைப்புகளை அடுக்கி வைத்தால்தான் வருகிறவருக்கு வேண்டியது ஒன்றாவது கிடைக்கும். அந்த ஆயிரத்திற்கும் முதல் போட்டு, வாடகை கொடுத்து, கரையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் காத்து, மாதக்கணக்கில் காத்திருக்கச் சிறிய ஊரின் வியாபாரியால் இயலாது. கூலி வேலை செய்கிறவருக்கோ, இருநூறு முந்நூறு ரூபாய் விலையுள்ள நூல் வீட்டுச் செலவை யோசிக்க வைக்கிறது.

ஒரு காலத்தில் இக்குறையை ரயில் நிலையங்கள் ஓரளவு தீர்த்தன. 1844இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ், தென்னிந்திய ரயில் நிலையங்களில் நடத்திய கடைகளே பலருக்கு முதல் புத்தகக் கடையாய் இருந்தன.

வாகடும் ஒரு கிராமமே

“நாங்கள் நகரத்தில் அல்லவா இருக்கிறோம்” என்று நீங்கள் எண்ணக்கூடும். பிழைப்புக்காகப் புறப்பட்டு, ஹிஞ்சவடி அலுவலகங்களுக்கு அருகே வாகடில் குடியேறியிருக்கிறோம். சுற்றிலும் அடுக்குமாடிகள், பெரிய அங்காடிகள். புனேயின் பழைய நகரத்தில் அப்பா பல்வந்த் சௌக் என்னும் வீதி முழுவதும் புத்தகக் கடைகளே. ஆயினும் அங்கே மராத்தியும் ஆங்கிலமும் பாடநூல்களும்தான் நிறைந்திருக்கின்றன. தமிழ் நூலைப் பொறுத்தவரை, நாம் விட்டு வந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் ஒன்றே.

“இணையத்தில் வாங்கலாமே” என்பீர்கள். உண்மைதான், பெயர் தெரிந்த நூலை வாங்கலாம். ஆனால் கடை என்பது, நாம் அறியாத நூலையும் நம் கண்முன் வைக்கும் இடம். எடுத்துப் புரட்டி, நான்கு வரி வாசித்து, “இது எனக்கானது” என்று கண்டுகொள்ளும் அனுபவம் பெயரைத் தட்டித் தேடுவதில் கிடைப்பதில்லை. தமிழ் எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் நம் பிள்ளைக்கோ, தேட வேண்டிய பெயரே தெரியாது.

மாட்டு வண்டியில் வந்த நூல்கள்

நம் முன்னோர் இக்குறைக்கு முன் கைகட்டி நிற்கவில்லை. 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில், எஸ்.வி. கனகசபை பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் நூலைத் தேடி வர முடியாதபோது, நூல் வாசகரைத் தேடிச் சென்றது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் ஊக்குவித்த இயக்கம் அது. இந்தியாவிலேயே முன்னோடியாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுவது அதன் விளைவே. உங்கள் ஊர் வீட்டுக்கு வரி கட்டுகிறீர்களா? அப்படியானால் தமிழ்நாட்டு நூலகங்களில் உங்களுக்கும் பங்குண்டு.

2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் கிராம ஊராட்சிகளில் நூலகங்கள் எழுந்தன. ஆனால் கட்டடம் மட்டும் நூலகமாகிவிடாது. திறந்து வைக்க ஓர் ஆள், புதிதாய் வரும் நூல்கள், உள்ளே வரும் வாசகர்கள், இம்மூன்றும் இல்லாத இடத்தில் பூட்டுதான் மிஞ்சியது.

நமக்கு அருகே ஒரு முன்மாதிரி

புனேயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், பஞ்ச்கனிக்கும் மகாபலேஷ்வருக்கும் இடையே பிலார் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஸ்ட்ராபெரி பழத்துக்குப் பேர்பெற்ற ஊர். வேல்ஸ் நாட்டின் ஹே-ஆன்-வை என்னும் புத்தக ஊரைப் பார்த்து, மகாராஷ்டிர அரசு 2017 மே மாதம் பிலாரைப் புத்தகக் கிராமமாக்கியது. தொடக்கத்தில் 25 இடங்களில் ஏறத்தாழ 15,000 மராத்தி நூல்கள் வைக்கப்பட்டன. அந்த இடங்களில் பல, மக்கள் குடியிருக்கும் வீடுகளே. வருகிறவர் கட்டணமின்றி அமர்ந்து வாசிக்கலாம். கவனித்தீர்களா? அங்கே புதிய மாளிகை எதுவும் கட்டப்படவில்லை. வீட்டார் தங்கள் முன்னறையைத் திறந்து கொடுத்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வாகடில் பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு ஐந்து தமிழ் நூல்களைக் கொடுத்தால் ஐம்பது நூல்கள் சேரும். ஒருவர் வீட்டில் ஓர் அலமாரி போதும். எடுத்தவர் பெயரைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்.

இரண்டாவது, விடுமுறைக்கு நாகர்கோவில் வண்டி ஏறும்போது இனிப்புப் பெட்டியோடு இரண்டு நூல்களையும் கொண்டுசெல்லுங்கள். பழையதைக் கழிப்பதற்காகக் கொடாதிருங்கள். அங்குள்ளவர் எதை விரும்புகிறார் என்று முன்பே கேளுங்கள். முதியவருக்குப் பெரிய எழுத்து நூலே உதவும்.

மூன்றாவது, தபாலில் அனுப்புங்கள். பழைய புத்தக அஞ்சல் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதன் பின், நூல்களுக்கென்றே ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை 2025 மே 1 அன்று தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்ற கட்டணத்தோடு, வரி தனியாக, அது அறிமுகமானது. சாலை, ரயில் வழியாகவே செல்வதால் சில நாட்கள் கூடுதலாகும்.

நான்காவது, ஊருக்குப் போகும்போது நூலகத்திற்குள் சென்று பாருங்கள். நன்கொடை அளித்துப் புரவலராகச் சேரலாம். வாசகர் வட்டத்தில் இணையும்படி உங்கள் தம்பி தங்கையரிடம் சொல்லலாம். பூட்டிக் கிடந்தால் ஊராட்சியில் விசாரியுங்கள். கேட்பவர் ஒருவரும் இல்லாததாலேயே பூட்டிக் கிடக்கும் கதவுகள் உண்டு.

ஐந்தாவது, கைப்பேசியையும் பயன்படுத்துங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் தமிழ் நூல்களைக் கட்டணமின்றித் தருகின்றன. பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழில் உள்ளன. இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

அன்பானவர்களே, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம்; மருந்து அனுப்புகிறோம்; பண்டிகைக்குத் துணி அனுப்புகிறோம். தாத்தா எழுதும் கடிதத்தைப் பேரன் வாசிக்க இயலாத நாள் நம் வீட்டிற்குள் வராதிருக்க, இந்த மாதப் பட்டியலில் ஒரு நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒன்று, உங்கள் பிள்ளைக்கு ஒன்று.