டீர்கார்டன்: பெர்லின் நகரப் பூங்காவும் போர் நினைவுகளும்

டீர்கார்டன் என்பது ஜெர்மனியின் தலைநகரான பெர்லினின் நடுவில் அமைந்துள்ள பெரிய பூங்கா ஆகும். இதன் பரப்பு சுமார் 210 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 520 ஏக்கர். இதன் கிழக்கு எல்லையில் பிராண்டன்பர்க் வாயிலும், வடகிழக்கில் நாடாளுமன்றம் கூடும் ரைக்ஸ்டாக் கட்டடமும், தென்மேற்கில் உயிரியல் பூங்காவும் உள்ளன. அடர்ந்து நிற்கும் மரங்களைப் பார்ப்பவர்கள் இதைப் பல நூற்றாண்டுக் காடு என்று நினைப்பது இயல்பு. பூங்கா பழையதுதான். ஆனால் மரங்களில் பெரும்பாலானவை 1949-க்குப் பிறகு நடப்பட்டவை. பழைய மரங்களைப் போரும் போருக்குப் பிந்தைய குளிரும் கொண்டுபோயின.

வேட்டைக்காடு பூங்கா ஆனது

டீர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்கு 'விலங்குத் தோட்டம்' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் இது பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள் வேட்டையாடுவதற்காக வேலியிட்டு விலங்குகளை விட்டுவைத்த காடாக இருந்தது. வேட்டையில் விருப்பமில்லாத பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலியை அகற்றி இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1830-களில் தோட்டக்கலைஞர் பீட்டர் யோசஃப் லென்னே வளைந்து செல்லும் பாதைகளும் நீர்நிலைகளும் புல்வெளிகளும் கொண்டதாக இதைத் திருத்தி அமைத்தார்.

வெற்றிச் சின்னங்கள்

பிரஷ்யா 1864-இல் டென்மார்க்குடனும், 1866-இல் ஆஸ்திரியாவுடனும், 1870-71-இல் பிரான்சுடனும் போரிட்டு வென்றது. இவற்றின் நினைவாக எழுப்பப்பட்ட வெற்றித்தூண் 1873-இல் திறக்கப்பட்டது. எதிரிகளிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிக் குழல்களுக்குப் பொன்முலாம் பூசி அதன் மீது பதித்தார்கள். முதலில் இத்தூண் இன்றைய ரைக்ஸ்டாக் கட்டடத்துக்கு எதிரில் நின்றது. பின்னர் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர், தம் முன்னோரின் பளிங்குச் சிலைகள் வரிசையாக நிற்கும் 'வெற்றிச் சாலை' ஒன்றையும் பூங்காவுக்குள் அமைத்தார். ஹிட்லர் ஆட்சியில் பூங்காவின் குறுக்கே செல்லும் சாலை அகலமாக்கப்பட்டது. வெற்றித்தூணும் 1938-39-இல் பூங்காவின் நடுவிலுள்ள சாலைச் சந்திப்புக்கு மாற்றப்பட்டது.

போரும் விறகும்

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானக் குண்டுவீச்சு பூங்காவையும் தாக்கியது. உயிரியல் பூங்கா அருகே மிகப்பெரிய விமான எதிர்ப்புக் கோபுரம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. 1945 ஏப்ரல் இறுதியில் சோவியத் படை நகரைச் சூழ்ந்துகொண்டபோது, பூங்காவின் நடுச்சாலையே சிறு விமானங்களுக்கு ஓடுதளமானது. மே 2 அன்று பெர்லின் சரணடைந்தது.

போர் முடிந்த பின்பும் அழிவு நிற்கவில்லை. நிலக்கரி கிடைக்காத குளிர்காலங்களில் உயிர் பிழைக்க மக்களுக்கு விறகு தேவைப்பட்டது. சுமார் 2 லட்சம் மரங்கள் இருந்த பூங்காவில் ஏறத்தாழ 700 மரங்களே எஞ்சின. வெறுமையான நிலம் சுமார் 2,500 சிறு பாத்திகளாகப் பிரித்துத் தரப்பட்டது. பசியில் வாடிய மக்கள் அங்கே உருளைக்கிழங்கும் காய்கறிகளும் பயிரிட்டனர்.

மீண்டும் நட்ட மரங்கள்

1948 ஜூனில் சோவியத் அரசு மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளையும் நீர்வழிகளையும் அடைத்தது. உணவும் நிலக்கரியும் விமானத்தில்தான் வந்துசேர்ந்தன. முற்றுகை நீடித்துக்கொண்டிருந்தபோதே, 1949 மார்ச் 17 அன்று, மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டு மறுநடவைத் தொடங்கிவைத்தார். மேற்கு ஜெர்மனியின் பல நகரங்கள் சுமார் 2.5 லட்சம் மரக்கன்றுகளை நன்கொடையாக அளித்தன. அவற்றில் ஒரு பகுதி விமானத்தில் வந்தது. இன்று பூங்காவில் நிழல் தரும் மரங்கள் பெரும்பாலும் இந்த முயற்சியில் விளைந்தவை.

இன்றுள்ள நினைவிடங்கள்

பெர்லின் போரில் இறந்த சோவியத் வீரர்களுக்கான நினைவிடம் 1945 நவம்பரிலேயே இங்கு திறக்கப்பட்டது. பழைய வெற்றிச் சாலை சென்ற தடத்தின் குறுக்கே இது கட்டப்பட்டது. இரண்டு டாங்கிகளும் இரண்டு பீரங்கிகளும் முன்னால் நிற்க, பின்புறம் 2,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் புதைக்கப்பட்டுள்ளனர். நகரம் பிரிக்கப்பட்டபோது இவ்விடம் பிரிட்டிஷ் பகுதிக்குள் அமைந்தது. ஆயினும் சோவியத் வீரர்கள் கிழக்கிலிருந்து வந்து காவல் நின்றனர். இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் பொறுப்பை 1990-இல் ஜெர்மனி ஒப்பந்தத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது.

பிற்காலத்தில் எழுந்தவை வீரர்களுக்கானவை அல்ல. நாஜி ஆட்சி கொன்ற மக்களுக்கானவை. கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களின் நினைவாக 2,711 கற்பாளங்கள் கொண்ட நினைவிடம் 2005-இல் பூங்காவின் கிழக்கு ஓரத்துக்கு எதிரே திறக்கப்பட்டது. துன்புறுத்தப்பட்ட ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு 2008-இலும், சிந்தி மற்றும் ரோமா இன மக்களுக்கு 2012-இலும் பூங்காவுக்குள் நினைவிடங்கள் அமைந்தன. பிந்தையது மரங்களுக்கிடையே உள்ள வட்டக் குளம். அதன் நடுவிலுள்ள முக்கோணக் கல்லின் மீது நாள்தோறும் புதிய மலர் வைக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொல்லும் திட்டத்தின் தலைமையகம் பூங்காவை ஒட்டிய டீர்கார்டன் தெருவில் 4ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. அந்த இடத்தில் 2014-இல் நீலக் கண்ணாடிச் சுவர் ஒன்று நிறுவப்பட்டது.

முக்கியத்துவம்

வென்றவர்களின் பெருமையைச் சொல்லத் தொடங்கிய இந்தப் பூங்கா, இன்று கொல்லப்பட்டவர்களின் இழப்பையும் சொல்கிறது. பழைய வெற்றித்தூண் அகற்றப்படவில்லை. புதிய நினைவிடங்களும் மறைவிடத்தில் வைக்கப்படவில்லை. இரண்டையும் ஒரே நடைப்பயணத்தில் காணலாம். ஒரு நாடு தன் போர்களை நினைவுகூரும் முறை காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதை மாணவர்கள் அறிய டீர்கார்டன் நல்ல எடுத்துக்காட்டு. இங்குள்ள மரங்களையும் இந்த நினைவிடங்களுடன் சேர்த்தே எண்ண வேண்டும். அவற்றில் பெயர்ப்பலகை இல்லை. ஆனால் அவற்றின் வயதே போர் முடிந்த காலத்தைச் சொல்லிவிடும்.