லாமிங்டன் ரோட்டில் ஒரு வாக்குவாதம்

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே லாமிங்டன் ரோடு. கம்ப்யூட்டர் கடையொன்றில் தாராவித் தகப்பனுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கப் போகிறான் மகன். ராத்திரியில் கேமும் ஆட வேண்டுமாம்!

வீட்டிலுள்ள டி.டி.ஆர்.4 ராம் போதுமே என்கிறார் தகப்பன். ஏ.எம்.5 போர்டில் அது பொருந்தாது, டி.டி.ஆர்.5 தான் வேண்டும். 4கே வீடியோவுக்கு 16 ஜி.பி. திணறும், 32 வேண்டும். இதில் மகன் பக்கமே நியாயம்.

பவர் சப்ளையில் தகப்பன் விடவில்லை. ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டு ஒன்றே 200 வாட் இழுக்கும். 650 வாட் சப்ளை போடச் சொல்கிறது என்விடியா. மகனோ கலர் விளக்குக் கேபினெட்டுக்காக மட்டமான சப்ளையே போதும் என்றான்.

"சீட்டு எடுத்த பணம்லே, புகைஞ்சு போகணுமா?"

விளக்கில்லாத கேபினெட்டே பார்சலாயிற்று. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறிய பிறகே பணத்தை எண்ணினார்.