கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள்

திருவண்ணாமலைக்கு வரும் கல்விச் சுற்றுலாப் பேருந்துகளின் பொழுது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. 217 அடி ராஜகோபுரத்தின் முன் குழுப்படம், தரிசன வரிசை, சாப்பாடு, ரமணாசிரமம், புறப்பாடு. தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இது போதாது.

கோயிலுக்குள்ளேயே பாடம் இருக்கிறது. வல்லாள கோபுரத்தைக் காட்டி, அருணகிரிநாதர் அதிலிருந்து குதித்த கதையைச் சொல்வார்கள். சொல்லட்டும். கூடவே, 14ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்தும் ஆட்சி நடத்திய போசள மன்னன் மூன்றாம் வல்லாளனையும் ஆசிரியர் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் உண்டு. திருவெம்பாவை பிறந்த இடம் இந்தத் தலம் என்பது மரபு. பேருந்து அங்கே நிற்பதே இல்லை.

என்னைக் கேட்டால், முதலில் போக வேண்டியது மேற்கே பெங்களூர் சாலையிலுள்ள செங்கத்துக்கு. சங்க காலத்துச் செங்கண்மா அதுதான், குறுநில மன்னன் நன்னனின் ஊர். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், அந்த நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர் எதிரே வரும் கூத்தருக்கு 583 அடிகளில் வழி சொல்வது. எங்கே பாறை வழுக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எங்கே பாயும், பாம்பு எங்கே, எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார் பெருங்கௌசிகனார். சுற்றுலா போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா? செங்கம் வட்டாரத்திலேயே பல்லவர் கால நடுகற்களும் உண்டு. தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1970களில் நூலாக்கியது. தொல்காப்பியத்தில் படித்த கல்லைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

தென்கிழக்கே திருக்கோவிலூர். பெண்ணையாற்றில் கபிலர் குன்று நிற்கிறது. கபிலர் வடக்கிருந்து உயிர் விட்டார் என்றே வகுப்பில் சொல்கிறோம். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டோ அவர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. மாணவர்கள் சண்டை போட நல்ல விஷயம்!

அதே கோயிலுக்கு 1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து ஒரு பள்ளி மாணவன் வந்தான். திருவண்ணாமலைக்குப் போக, பழைய வரைபடத்தை நம்பித் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தவன். கைக்காசு தீர்ந்து, திருக்கோவிலூரில் கடுக்கனை அடகு வைத்து ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இறங்கினான். பின்னாளில் ரமண மகரிஷி.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் பயணத்தை இரண்டு நாளாக்குங்கள். மலைபடுகடாத்தை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, செங்கத்தில் இறங்கி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். குழுப்படத்தை அங்கேயும் எடுக்கலாம்.