கரும்பும் கடனும்
மொரீஷியஸ் தீவில் நம்மவர் கற்ற பாடம்

வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறையுமுன் ஆலை சேர வேண்டும். சேர்ந்த கரும்புக்கு உரிய விலை உரிய காலத்தில் கைக்கு வர வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் கரும்பு பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு இக்கவலையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதே கவலையைக் கடலுக்கு அப்பாலும் சுமந்த தமிழர் உண்டு. இந்துமாக்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவில் அவர்கள் பட்ட பாட்டையும் கண்ட வழியையும் இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

தீவுக்குச் சென்ற வகை

அத்தீவுக்கும் நம் பகுதிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1735 முதல் ஆளுநராக இருந்த லாபூர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞரை அழைத்துச் சென்று துறைமுக வேலைகளில் அமர்த்தினார். 1810-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1835-இல் அடிமைமுறை ஒழியவிருந்த நிலையில், தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் மீது விழுந்தது.

1834 நவம்பர் 2-ஆம் நாள் ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தத் தொழிலாளரை அங்கே இறக்கியது. அது முதல் ஏறக்குறைய நான்கரை லட்சம் இந்தியர் அத்தீவில் காலடி வைத்தனர். கல்கத்தாவுக்கு அடுத்தபடியாகச் சென்னை வழியே மிகுதியானோர் சென்றனர். அன்றைய தென்னாற்காடு ஜில்லா உள்ளிட்ட தமிழ் ஜில்லாக்களில் மழை பொய்த்து நிலம் தரிசானவர்களும், சீமைத் துணியின் வரவால் தறி நின்றவர்களும் ஆள் பிடிப்போரின் சொல்லை நம்பிக் கப்பலேறினர்.

இரட்டை வெட்டு

மாதக் கூலி ஐந்து ரூபாய். அதனுடன் படி அரிசியும் பருப்பும் உண்டு. காகிதத்தில் இது குறைவாகத் தோன்றவில்லை. ஆனால் ஒரு நாள் வேலைக்கு வராவிடில் இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. இதற்கு ‘இரட்டை வெட்டு’ என்று பெயர். காய்ச்சலில் கிடந்தவனும் மாத முடிவில் தோட்டக்காரனுக்கே கடன்பட்டு நின்றான். ஒப்பந்தம் தீர்ந்து வெளிவந்தவனும் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு இன்றி நடமாட முடியாது. சீட்டில்லாதவனைப் போலீசார் பிடித்தனர்.

இக்கொடுமைகளை எதிர்த்து 1871-இல் பழைய குடியேறிகள் 9,401 பேர் கையொப்பமிட்டு ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். அதைத் தயாரிக்க உதவியவர் அடால்ப் தெ பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர். அதன் பயனாக அடுத்த ஆண்டே அரச விசாரணைக் குழு வந்தது. தனியொருவன் முறையிட்டால் சிறை. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக எழுதினால் விசாரணை. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்வது நலம்.

சொந்த நிலமும் சங்கமும்

சர்க்கரை விலை சரிந்த காலத்தில் முதலாளிகள் தோட்ட ஓரங்களைத் துண்டு துண்டாக விற்றனர். சிறுகச் சிறுகச் சேர்த்த கூலியைக் கொடுத்து நம்மவர் அவற்றை வாங்கினர். ஆயினும் நிலம் வந்த பின்னும் விடுதலை முழுமையாகவில்லை. உரத்திற்கும் உணவிற்கும் இடைத்தரகர் முன்பணம் கொடுத்தார். அறுவடையில் கரும்பைத் தாம் வைத்த விலைக்கு எடுத்துக்கொண்டார். தோட்டத்துக் கடன் போய்த் தரகர் கடன் வந்தது.

இதற்கு மருந்தாக 1913-இல் அங்கே கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் 1904 முதல் நடந்துவந்த முறையே அதற்கு வழிகாட்டி. அயலார் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றுக் குறைந்த வட்டியில் கடன் பெற்றனர்; தரகர் வாசலில் நிற்க வேண்டிய தேவை குறைந்தது.

விலையில் நீதி கிடைக்க மேலும் போராட வேண்டியிருந்தது. 1937-இல் சிறு விவசாயிகள் பயிரிட்ட ‘உபா’ கரும்பின் விலையை ஆலைகள் நூற்றுக்குப் பதினைந்து குறைத்தன. கிளர்ச்சி மூண்டது, யூனியன் பிளாக் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அங்கே ஆலை முதலாளியும் இந்திய வம்சத்தவரே என்பது கவனிக்கத்தக்கது. ஓரினத்தவர் என்பதால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. 1943 செப்டம்பர் 27-இல் பெல்வூ ஹரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்கள் மீது மீண்டும் குண்டு பாய்ந்தது. இறந்த நால்வருள் கருவுற்றிருந்த அஞ்சலை குப்பன் என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருவர். இன்று அங்குள்ள விளையாட்டரங்கு அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

1968 மார்ச் 12-இல் தீவு சுதந்திரம் அடைந்தது. அதன் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தும் இடம்பெற்றுள்ளது. தொழிலாளர் வந்திறங்கிய துறைமுகப் படிக்கட்டு இருக்கும் ‘ஆப்ரவாசி காட்’ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

நாம் கொள்ள வேண்டியது

ஒப்பந்தம் ஒழிந்ததால் மட்டும் தொழிலாளி விடுபடவில்லை. நிலம் கிடைத்ததால் மட்டும் விவசாயி நிமிரவில்லை. கடனும் எடையும் விலையும் பிறர் கையில் இருந்த வரையில் பழைய தளை புதிய பெயரில் தொடர்ந்தது. நூலுக்கு முன்பணம் வாங்கி, நெய்த சேலையை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கும் நெசவாளியின் நிலையும் இதுவே அன்றோ? ஆகவே சங்கத்தில் பெற்ற கடனைத் தவணை தவறாது செலுத்துவோம். பொதுக்குழுவுக்குத் தவறாது வந்து கணக்கைக் கேட்போம். அங்கத்தினர் கண் வைக்காத சங்கம் நாளடைவில் இன்னொரு தரகர் கடையாகிவிடும். அவ்வாறு ஆகாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.