கல்லால ஒரு வீடு... உள்ளே யார்? கிருஷ்ணகிரி கல்திட்டைகளுக்கு ட்ரிப் போறவங்க கவனத்துக்கு!

சென்னை - பெங்களூரு ஹைவேயில் கிருஷ்ணகிரியைத் தாண்டினால் சூளகிரி வரும். பெரும்பாலும் டீ குடிக்க நிறுத்துவோம், கிளம்பிடுவோம். ஆனா, அந்தப் பக்கம் மல்லசந்திரம்னு ஒரு ஊர் இருக்கு. அங்கே பாறைக்குன்று மேல ஏறினா, நூற்றுக்கும் மேற்பட்ட கல் அறைகள். சிலது அப்படியே நிக்குது, பலது சரிஞ்சு கிடக்குது. சுத்தியும் பலகை மாதிரி கற்களை நட்டுவெச்சு, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டிருக்காங்க. ஒருபக்கக் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை.

இப்படிப்பட்ட இடங்களை ஊர்க்காரங்க பல பேர்ல சொல்வாங்க. பாண்டவர்கள் வனவாசத்துல தங்கின வீடுன்னு சில ஊர்கள்ல. வாசல் இவ்ளோ சின்னதா இருக்கே, அப்போ குள்ள மனுஷங்கதான் இருந்திருக்கணும்னு சில ஊர்கள்ல. கேரளாவின் மறையூர் பக்கம் போனா, 'முனியறை'ன்னு முனிவர்கள் கணக்குல எழுதிடுவாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது யாரும் வாழ்ந்த வீடு இல்லைங்க. இறந்தவர்களுக்காகக் கட்டின வீடு.

இதுக்குப் பேர் கல்திட்டை. தரைக்கு மேலே நிற்பதுதான் இதன் அடையாளம். இதே அறையை மண்ணுக்குள்ள இறக்கினா கல்பதுக்கை. சுற்றி உருண்டைக் கற்களை வளையமாகப் போட்டிருந்தா கல்வட்டம். பெரிய மண்பானையில் வைத்துப் புதைத்தால் முதுமக்கள் தாழி, ஆதிச்சநல்லூரில் கிடைச்சதே, அது. ஒற்றைக் கல்லை நட்டால் நெடுங்கல். எல்லாத்துக்கும் சேர்த்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்னு சொல்றாங்க. வெறும் பாறையில் குழி தோண்ட முடியாது. அதனால குன்றுகள் மேல கல்திட்டைகளையும், மண் இருக்குற இடத்துல மத்த வகைகளையும் அதிகம் பார்க்கலாம்.

அந்த வட்ட ஓட்டைக்கு 'இடுதுளை'ன்னு பேர். இறந்தவருக்குப் படையல் வைக்க, பிற்பாடு அதே குடும்பத்துல இறந்தவங்களோட எலும்புகளை உள்ளே வைக்கன்னு ஆய்வாளர்கள் பல விளக்கம் தர்றாங்க. உடலை வேறெங்கோ வைத்து, பிறகு எலும்புகளை மட்டும் எடுத்துவந்து அடக்கம் செய்யுற பழக்கமும் அப்போ இருந்தது. கூடவே கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், சில இடங்கள்ல சூதுபவள மணிகள். பானையைக் கவிழ்த்துவெச்சுச் சுட்டா, காற்று படாத உள்பக்கம் கறுப்பாகவும் காற்று பட்ட வெளிப்பக்கம் சிவப்பாகவும் வரும். ஒரே பானை, ரெண்டு கலர்!

மல்லசந்திரத்துல இன்னொரு விசேஷம், கல்திட்டைகளின் உள்சுவர்ல வெள்ளை நிற ஓவியங்கள் இருக்கு. குனிஞ்சு, கண்ணு இருட்டுக்குப் பழகினாத்தான் தெரியும். ஓவியம்தான் வேணும்னா பர்கூர் பக்கம் மல்லப்பாடிக்குப் போங்க. குதிரை மேல உட்கார்ந்து ரெண்டு பேர் சண்டை போடுறாங்க, அதுவும் வெள்ளையில. தமிழ்நாட்டுல பாறை ஓவியங்களைப் பத்தி ஆய்வாளர்கள் பேசத் தொடங்கின காலத்துல கிடைச்ச முக்கியமான இடம் இது. வெள்ளைக்குச் சுண்ணாம்போ வெண்களிமண்ணோ, சிவப்புக்கு இரும்புச்சத்துள்ள செம்மண் கல்லோ பயன்படுத்தியிருக்காங்க.

அந்த மண்ணைத் தொடாதீங்க!

சிவகளையில ஒரு முதுமக்கள் தாழிக்குள்ள நெல் இருந்தது. அதை ஆய்வுக்கூடத்துல சோதிச்சப்போ, காலம் கி.மு. 1155னு வந்தது. பர்கூர் பக்கத்துலயே இருக்குற மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகுதுன்னு 2022 மே மாசம் சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. இதுல ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வயசு சொன்னது இரும்பு இல்லை. இரும்பு கிடைச்ச அதே மண்ணடுக்குல இருந்த கரித்துண்டு.

புதையல் தேடுறவன் தோண்டினா என்ன பண்ணுவான்? நெல்லையும் கரியையும் குப்பைன்னு அள்ளி வீசுவான். தங்கம் இருக்காது, ஏமாந்து போயிடுவான். ஆனா, கலைஞ்ச மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க யாராலயும் முடியாது. அந்தக் கல்லறை அதுக்கப்புறம் தன் வயசைச் சொல்லாது. உடைஞ்ச ஓவியத்தோட போட்டோவாவது மிஞ்சும், இதுக்கு அதுவும் கிடையாது.

புதையல் கும்பல் ஒருபக்கம்னா, கல்குவாரி, வீட்டு வாசப்படி, வேலிக்கல்னு தூக்கிட்டுப் போறவங்க இன்னொரு பக்கம். மூணாவதா நம்ம ஆளுங்க. ரீல்ஸ்ல ஓவியம் பளிச்சுன்னு தெரியணும்னு பாட்டில் தண்ணியைப் பாறை மேல ஊத்துறது. அந்த நிமிஷம் கலர் தூக்கலாத்தான் தெரியும். ஆனா, பாறைக்குள்ள இருக்குற உப்பு தண்ணியில கரைஞ்சு, காயும்போது மேலே வந்து படியும். கலர் பொரிஞ்சு உதிரும். சாக்பீஸால அவுட்லைன் போடுறதும் இதே ரகம்தான். தண்ணியே வேண்டாம், மொபைல்ல எடுத்த படத்துல கான்ட்ராஸ்ட்டையும் சாச்சுரேஷனையும் ஏத்திப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கோடுகூட வந்து நிக்கும்.

'ஒரு பானை ஓடுதானே'ன்னு பாக்கெட்ல போடவும் கூடாது. 1878-லேயே போட்ட புதையல் சட்டத்தின்படி, மண்ணுக்குள்ள கிடைச்ச பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தகவல் சொல்லணும். மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும்.

போறதா இருந்தா காலையிலேயே போயிடுங்க. சாய்வா விழுற வெயில்ல கல்லோட விளிம்பெல்லாம் தெளிவாத் தெரியும், பத்து மணிக்கு மேல பாறை கொதிக்கும். நிழல் பெருசா கிடையாது, குடிக்கத் தண்ணி எடுத்துக்கோங்க. மூடிக்கல் மேல ஏறி போஸ் கொடுக்காதீங்க, பல கற்கள் எந்தப் பிடிமானமும் இல்லாமத்தான் நிக்குது. ஊருக்குள்ள ஆடு மேய்க்கிற யார்கிட்டயாவது வழி கேளுங்க. மேப்பைவிட அவங்க சரியாச் சொல்வாங்க, பாண்டவர் கதையும் ஃப்ரீ. திரும்பும்போது நேரம் இருந்தா கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையும் எட்டிப் பாருங்க. வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, லீவு.